வாங்கிய விலை

நவம்பரில் தம்பெரெ நகரத்துக்கு
மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
டிராம் பணிமனையிலிருந்து வந்து
ஈரக் காலுறையை ரேடியேட்டரில் விரித்துவிட்டு
மென்பொருள் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன்.

ஆறு பங்குகள், இரண்டு நிதிகள், ஒரு கடன் பத்திரம்.
பதினாலு வருஷம் கட்டம்போட்ட நோட்டில்
பென்சிலால் எழுதி வந்தது.
போன வாரம் காப்பி கொட்டிவிட்டது.
இரண்டாயிரத்துப் பதினெட்டு முழுக்க
இப்போது பழுப்பு ஏரி.

முதலாவது, திறந்ததுமே கத்தியது.
சிவப்பு. பச்சை. சிவப்பு.
நிமிஷத்துக்கொரு தரம் என் முதுமைக்கு விலை சொன்னது.
நாளெல்லாம் சிக்னல் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு
வீட்டிலும் எதற்குச் சிக்னல்?
நீக்கினேன்.
நிச்சயமாகப் போகிறீர்களா என்று மூன்று முறை கேட்டது.
என் கணவர்கூட ஒரு முறைதான் கேட்டார்.

இரண்டாவது மரியாதையானது.
வங்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால்
மற்றதைத் தானே பார்த்துக்கொள்ளுமாம்.
மாதம் ஒன்பது யூரோ.
பன்னிரண்டால் பெருக்கினேன்:
எனக்கு வரும் ஈவுத்தொகையில் சரிபாதி.
காவல் கூலிக்கே பாதி விளைச்சல் போனால்
காவல் எதற்கு?

மூன்றாவதை
ஔலுவில் யாரோ தனியாளாய் எழுதியிருக்கிறார்.
இலவசம். பொடி எழுத்து. சாம்பல் பொத்தான்.
கடைசியாகத் திருத்தி மூன்று வருஷம்.
அடியில் ஒரு வரி:
‘பிழை இருந்தால் எழுதுங்கள்.
மீன்பிடிக்கப் போயிருந்தால் பதில் தாமதமாகும்.’
இவரை நம்பலாமா?
இவர் செத்துப்போனால்?
கோப்பைத் திறந்து பார்த்தேன்.
கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து;
எவர் செத்தாலும் படிக்கலாம்.

ஒவ்வொன்றாய் ஏற்றினேன்.
காகித ஆலைப் பங்கு, நாற்பது.
வாங்கிய விலை? என்றது.
விடாமல் நிரப்ப வேண்டிய கட்டம்.
நோட்டில் அந்த இடத்தில்
‘உர்போ’ என்று மட்டும் இருந்தது.

வாங்கிய விலை:
ஒரு மரப்படகு, இரண்டு துடுப்பு, பாதி டின் தார்.
அன்று உர்போ கையில் காசில்லை, பங்கு இருந்தது.

படகு என்று தட்டினேன். எண் மட்டும், என்றது.
பூஜ்யம் போட்டேன்.
லாபம் முடிவிலி சதவீதம் என்றது.
காலுறை காயும் வாசனைக்கு நடுவே
ஒரு நிமிஷம் அவ்வளவு பணக்காரியாய் இருந்தேன்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு உர்போவைக் கூப்பிட்டேன்.
‘அந்தப் படகு அப்போது என்ன பெறும்?’
‘வரித்துறையா கேட்கிறது?’
‘இல்லை, ஔலிக்கி.’
நெடுநேரம் சத்தமில்லை.
எங்கள் ஊரில் அது கோபமில்லை, யோசனை.
‘அறுநூறு பெறும். ஆனால்
இடப்பக்கம் ஒழுகும் என்று நீ சொல்லவில்லை.
ஆகவே நானூறு.’
‘ஆலை மூன்று வருஷம் காலணா தராது என்று
நீ சொன்னாயா?’
ஐந்நூறில் முடித்தோம்.
படகு இன்னும் இருக்கிறதாம்.
வருஷா வருஷம் தார் பூசுகிறானாம்.
வருஷா வருஷம் ஒழுகுகிறதாம்.

500 என்று போட்டேன்.
கட்டம் பேசாமல் வாங்கிக்கொண்டது.
பக்கத்தில் ‘குறிப்பு’ என்று இன்னொரு கட்டம்,
அதுவரை கண்ணில் படவில்லை.
எழுத எழுத நீண்டது.
துடுப்பு, தார், இடப்பக்கத்து ஒழுகல்,
அவன் பேசாதிருந்த நேரம்.
நோட்டில் பற்றுக்கு ஒரு பக்கம், வரவுக்கு ஒரு பக்கம்
கோடு கிழித்திருந்தேன்.
இதற்கு இடம் விட்டிருக்கவில்லை.

தூங்குமுன் ஔலுக்காரருக்கு எழுதினேன்:
பூஜ்யத்தால் வகுக்கும் இடத்தை மட்டும் பாருங்கள்.
அவசரமில்லை.
ஏரி உறையுமுன்
மீனைக் கவனியுங்கள்.