இதயம் போட்டது யார்

மூன்று விநாடிக்குள் பிடிக்காவிட்டால்
விரல் தள்ளிவிட்டுப் போய்விடுமாம்.
எங்கோ கேட்டுவந்து சொன்னாள் தவமலர்.
"வணக்கம்" சொல்லி முடிக்கவே
ஒன்றரை விநாடி போகிறது.
அன்றிரவே வணக்கத்தை வெட்டினோம்.

வெட்டியது நான்தான்.
வூப்பெர்டாலில், மூன்றாம் மாடியில்,
தொங்குரயில் எங்கள் குசினி யன்னலை
உரசாத குறையாகப் போகும் வீட்டில்
போனைப் பிடிப்பது என் வேலை.
ரயில் வந்தால் பேச்சை நிறுத்துவாள்,
போனதும்
விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவாள்.

அவள் விளக்குவது கடிதங்களை.
வரிக்கந்தோர், மின்சாரக் கம்பனி, காப்புறுதி,
ஒரு சொல்லுக்குள் ஆறு சொல்லை அடைத்து
இவர்கள் அனுப்பும் கடிதங்களை
மீனில் முள் எடுப்பதுபோல் எடுத்து
தமிழில் வைப்பாள்.
ஐந்து மாதத்தில் அறுபத்து மூன்று பேர்.
இருபது பேர் சொந்தக்காரர்.
ஒருவர் நான்.
இன்னொருவரும் நான், வேறு பெயரில்.

பிறகு அந்த மஞ்சள் உறை.
"உறையை எறிஞ்சுபோடாதேங்கோ!
தபால்காரன் பேனையால எழுதின திகதி
கடிதத்தில இல்லை, உறையிலதான் இருக்கு.
அண்டையில இருந்து பதினாலு நாள்."
அவ்வளவுதான். பத்தொன்பது விநாடி.
நடுவில் குக்கர் கூவியதை
வெட்ட மறந்திருந்தேன்.

அடுத்த நாள் பார்சல் வண்டியில்
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் எடுத்துப் பார்த்தேன்.
நாலாயிரம்.
ஏழாயிரம்.
யாருடைய சப்பாத்தையோ யார் வீட்டிலோ கொடுத்தேன்.
பதினோராயிரம்.

எண் வந்தது, எண்ணுக்குப் பசியும் வந்தது.
திங்கள், புதன், வெள்ளி, மாலை ஏழு மணி.
வட்ட விளக்கொன்று வாங்கினோம்.
அவள் கண்மணிக்குள் இரண்டு வெள்ளை வளையல்கள்
எரியத் தொடங்கின.
வேண்டுமென்றே ஒருமுறை குக்கரையும் கூவவிட்டோம்.
எடுபடவில்லை.

இரவுகளில் படங்கள் வரும்.
மடிந்த கடிதம், எண்ணெய் பட்ட கடிதம்,
தலைகீழாய்ப் பிடித்த கடிதம்,
கடிதத்தை விடப் பெரிதாய்ப் பெருவிரல்.
முதலில் எல்லோருக்கும் பதில் எழுதினாள்,
விடிய ஒரு மணிவரை.
பிறகு "பார்க்கிறேன்" என்று மட்டும்.
பிறகு ஒரு சிவப்பு இதயம்.
அவள் முதியோர் இல்லத்தில் இரவு வேலைக்குப் போனபின்
அந்த இதயத்தையும் நான் போட்டேன்.
பதில் கிடைத்தவர்கள்தான் தங்குவார்களாம்.
ஒரு மணி நேரத்தில்
எண்பது இதயம் போடலாம்.
நான் போட்டிருக்கிறேன்.

ஹாகனிலிருந்து குணபாலன்.
கடிதத்தையும் அனுப்பியிருந்தார், உறையையும்,
அவள் சொன்னபடியே இரண்டு பக்கமும்.
பதினேழாம் நாள் மறுபடி எழுதினார்:
"அக்கா, நீங்கள் இதயம் போட்டதால
பயப்பட ஒண்டுமில்லை எண்டு நினைச்சிட்டன்."

தவமலர் அதை இரண்டு தரம் வாசித்தாள்.
வேலைச் சட்டையோடு நின்றபடி
அவருக்குப் போன் எடுத்தாள்.
ஒரு மணி நாற்பது நிமிடம்.
பிந்தியதற்கும் எழுதக்கூடிய ஒரு கடிதம் உண்டாம்;
எழுதிப் பார்க்கலாம், ஏற்பார்களோ தெரியாது.
நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.
அது ஆறி ஆடை படர்ந்தது.

வெள்ளிக்கிழமை, ஏழு மணி.
வட்ட விளக்கை அவள் கொளுத்தவில்லை.
"வணக்கம்" என்றாள்.
பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்தாள்.
ரயில் வந்தது. நிறுத்தவுமில்லை,
குரலை உயர்த்தவுமில்லை.
அவள் உதடு அசைய ரயில் போயிற்று.
"எனக்கு வாற எல்லாக் கடிதத்தையும்
நான் வாசிக்கிறதில்லை.
இதயம் பதில் இல்லை.
இதயத்தை நம்பி இருந்துபோடாதேங்கோ."
ஆறு நிமிடம்.
"ஒண்டும் வெட்டாதேங்கோ" என்றாள் என்னிடம்,
அதுவும் பதிவாகியிருக்கிறது.

மூன்றாவது விநாடியில்
கோடு மாடிப்படியில் தவறிய வெங்காயம்போல்
குதித்துக் குதித்து இறங்குகிறது.
வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
வேறு பெயரிலிருக்கும் நானும்
கடைசிவரை பார்த்துவிட்டேன்.

அன்றைக்கு
அந்த இதயத்தைப் போட்டது யார் என்று
அவள் இன்னும் கேட்கவில்லை.