பதினேழு

கொள்முதல் நிலையத்தில்
சாக்குக் கட்டுக்குள் பிறந்தது.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டிவிடுமோ என்று
நாளெல்லாம் மானியையே பார்த்த செங்கமலத்தோடு
ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் உட்கார்ந்து
வீட்டுக்கு வந்தது.
வேறு பெயர் அவளுக்குத் தோன்றவில்லை.
பட்டியல் எழுத்தர். பார்ப்பதெல்லாம் எண்.
கோபம் வந்தால் நானே ரெண்டு சிப்பம்,
எண்பது கிலோ.

செவ்வாய்க்கிழமை விரால் வாங்கினேன்.
வண்டித் தவணைக்கு வைத்திருந்த அறுநூறு.
ஒன்றும் சொல்லாமல்
சாம்பல் போட்டு உரசினாள்,
மாங்காய் நறுக்கினாள், வெந்தயம் தாளித்தாள்.
முதல் கவளத்தில் என் வாய்
"உப்பு கொஞ்சம்" என்றது.
முடிக்கவில்லை.
முடித்திருந்தால்கூட
இவ்வளவு தூரம் போயிருக்காது.

அன்றிலிருந்து
"பதினேழு, சோறு போட்டாச்சுன்னு சொல்லு."
"பதினேழு, பசிக்கலேன்னு சொல்லு."
"பதினேழு, லேட்டானது என் தப்பில்ல,
ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சுன்னு சொல்லு."
"நீடாமங்கலத்துல கேட்டு எப்பத்தான் தொறந்திருந்துச்சு, கேளு."
இரண்டு பக்கமும் கூலி வாங்கியது அது,
இங்கே ஒரு மீன் தலை,
அங்கே ஒரு கிண்ணம் பால்.
அந்த வாரம் எங்கள் வீட்டில்
எடை கூடியது அது ஒன்றுதான்.
வியாழக்கிழமை இட்லி மாவு பொங்கி
பிரிட்ஜுக்கு அடியில் ஓடியது.
அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன்.
பதினேழு நக்கியது.

வெள்ளி காலை கேஸ் தீர்ந்தது.
யார் புக் பண்ணுவது என்று கேட்டனுப்ப
அதைத் தேடினால், காணோம்.
ராத்திரி தட்டு வைத்தும் வரவில்லை.
வீட்டில் ஒரு வார்த்தைக்கும் வழியில்லை.
பத்து மணிக்குமேல்
நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில்
ஊரை நிறுத்திவைத்துவிட்டு மெதுவாகப் போனது.
அவள் சுவரைப் பார்த்து
"தண்டவாளப் பக்கம் போயிருக்குமோ" என்றாள்.
சுவர் சும்மா இருந்தது.
நான் சட்டையை மாட்டினேன்.

மாசிப் பனி. போன் வெளிச்சம்.
அவள் முன்னால்,
நான் ஒரு மின்கம்பம் தள்ளிப் பின்னால்.
"பதினேழு... ஏ பதினேழு..."
கொள்முதல் நிலைய வாசலில்
நெல் குவியலை ஒட்டிப் படுத்திருந்த ஒருவர்
போர்வையை உதறிக்கொண்டு எழுந்தார்.
முன்னாவல்கோட்டை தர்மையன்,
நாலு நாளாய்க் காத்துக் கிடப்பவர்.
"நான் பத்தொம்போதும்மா. பதினேழு
அந்தாண்ட தூங்குறாரு."
வேண்டாம் என்பதற்குள் போய் எழுப்பியும்விட்டார்.
பதினேழு
வேட்டியை இறுக்கிக்கொண்டே ஓடிவந்து
மூட்டையைப் பிரிக்கத் தொடங்கினார்.
"இல்லீங்க... பூனைங்க..." என்றாள் செங்கமலம்.
அதற்குமேல் சொல்ல முடியவில்லை.
விழாமல் இருக்க என் தோளைப் பிடித்தாள்.
சிரித்து முடித்தபின்
ஞாபகம் வந்து கையை எடுத்தாள்.

தர்மையன் சிரிக்கவில்லை.
"இந்தப் பனிக்கு
காலையில ஈரம் ஏறிக் காட்டுமாம்மா?"
அவள் பதில் சொல்லவில்லை.
குனிந்து, தார்ப்பாயின் ஓரத்தை
நெல் மூட இழுத்துவிட்டாள்.
இழுத்ததும் உள்ளேயிருந்து
சூடாக, கொட்டாவி விட்டுக்கொண்டு
வந்தது எங்களுடையது,
மீசையில் அவருடைய கருவாட்டு வாசத்தோடு.

வீட்டில் அடுப்பு இல்லை.
பழைய சோறு இருந்தது,
பிரிட்ஜில் ஒரே ஒரு துண்டு விரால்.
முள்ளில்லாத பாதி என் பக்கம் வந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
செங்கமலம் ஒரு வாய் வைத்தாள்,
ரொம்ப நேரம் மென்றாள்.
"பதினேழு,
உப்பு கம்மிதான்னு சொல்லு."

அது தூங்கிப்போயிருந்தது.
நான் போனை எடுத்து கேஸ் புக் பண்ணினேன்.
தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்
என்றது ஒரு பெண் குரல்.
அழுத்தினேன்.