காரணம் எழுதும் கட்டம்

இகிக்கே நகரத்துக்கு மேலே
உப்புக்காற்று ஏறிவரும் மேட்டில்
நிலநடுக்க நிலையம்.
எனக்கு அங்கே இரவு வேலை,
பதினோரு வருஷமாய்.

சுழலும் உருளையில் காகிதம்,
காகிதத்தின்மேல் முள்.
முள் துள்ளுகிற ஒவ்வொரு முறையும்
பதிவேட்டில் ஒரு காரணம் எழுதவேண்டும்.
துறைமுகத்தில் கண்டெய்னர் விழுந்தது.
சுரங்கத்தில் வெடி.
கடல் சீற்றம்.
லாரி. லாரி. இன்னொரு லாரி.
மிச்சமெல்லாம் பூமி.

யாருக்கும் உறைக்காத அதிர்வுகள்தான் அதிகம்.
கோப்பையில் போட்ட ஸ்பூன்கூடச் சிணுங்காது.
முள் மட்டும் சொல்லும்,
முப்பது கல் ஆழத்தில் ஏதோ ஒன்று
புரண்டு படுத்தது என்று.
அதற்குக் காது கொடுத்துத்தான்
சம்பளம் வாங்கினேன்.

என் உடம்புக்கு அந்தச் சலுகை இல்லை.
கண்ணிமை மூன்று வாரமாய்த் துடித்தது.
பணம் வரும் என்றாள் ரொட்டிக்கடை ஸ்லாவியா.
வந்தது தலைவலி.
இழுப்பறையில் முழங்காலுக்கு ஒரு மாத்திரை,
தலைக்கு ஒன்று,
அவை இரண்டும் கெடுத்த வயிற்றுக்கு ஒன்று.
பசி எடுத்தால் காப்பி.
தூக்கம் வந்தால் இன்னும் கொஞ்சம் காப்பி.
அடிவயிறு முட்டினால்
'இந்தத் தாள் முடியட்டும்' என்பேன்.
தாள் முடிய
நாலு மணி நேரம் இருக்கும்.

எலியோடோரோ பகல் வேலைக்காரர்.
பிழை கண்டுபிடிப்பதில் ஒரு ருசி அவருக்கு.
ஒருநாள் காலை, கோட்டைக்கூடக் கழற்றாமல்,
தாளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"ராத்திரி யாரையாவது உள்ளே விடுகிறாயா, யஸ்னா?"
"யாரை விடுவேன்?"
"யாரோ நடக்கிறார்களே."

கருவி இருப்பது
எங்கள் காலுக்குக் கீழே, நிலவறையில்.
என் நடையும் தாளில் விழும்.
மேசையிலிருந்து அடுப்பு, அடுப்பிலிருந்து ஜன்னல்,
மணி கோத்த மாதிரி ஒரே அளவில்.
"இது உன் நடையில்லை" என்றார்.
"ஒரு கால் அழுத்தி விழுகிறது,
ஒரு கால் பட்டும் படாமலும்.
நொண்டுகிற ஆள்."

"ஆவியாக இருக்கும்" என்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
"ஜன்னல்வரை போகிறார்.
திரும்பும்போது பாதியில் ஒருமுறை நிற்கிறார்."

பாதியில் ஒரு நாற்காலி இருக்கிறது.
அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.
நிற்பேன் என்பது
அவர் சொன்ன பிறகுதான்
எனக்கே தெரிந்தது.

அவர் போனபின் பழைய தாள்களை இறக்கினேன்.
ஜனவரியில் மணிகள் சரியாக இருந்தன.
ஏப்ரலில் ஒன்றுவிட்டு ஒன்று மெலிந்தது.
ஜூனில்
குழந்தைகூடச் சொல்லிவிடும்.
முள் ஒன்றையும் மறைக்கவில்லை.
ஒவ்வொரு தாளின் ஓரத்திலும்
சிவப்புப் பேனாவில்
என் கையெழுத்து:
'மனித ஓசை. தள்ளுக.'

முழங்கால் குணமாகிவிட்டதென்று சொல்லமாட்டேன்.
மருத்துவமனையில் அந்தப் பெண்
எங்கே வலிக்கிறது என்று கேட்டபோது
முதலில் பதில் வரவில்லை.
விரலை வைத்துத் தேடவேண்டியிருந்தது,
வாடகைக்கு வந்த வீட்டில்
விளக்கு சுவிட்சைத் தேடுகிறமாதிரி.

இப்போது மூன்று மணிக்கு உட்கார்கிறேன்.
சூப் சூடாக இருக்கும்,
கால் இன்னொரு நாற்காலிமேல் இருக்கும்.
போன வாரம் எலியோடோரோ
மறுபடி தாளோடு வந்தார்:
"இருபத்தைந்து நிமிஷம் ஒன்றுமே இல்லை.
முள் மாட்டிக்கொண்டதா?"
"இல்லை" என்றேன். "நான் உட்கார்ந்திருந்தேன்."
நம்பாமல் முள்ளை ஊதிப் பார்த்தார்.

நேற்றிரவு இரண்டு ஐம்பதுக்கு
ஏழு சின்னத் துடிப்புகள்,
அடுப்புப் பக்கமாய்.
இன்னும் கொஞ்சம் கோணல்தான்.
சிவப்புப் பேனாவை எடுத்தேன்,
மூடி வைத்தேன்.
கறுப்பில் எழுதினேன்:
காரணம், பசி.