நீடாமங்கலம் கேட்

கேட் போட்டாயிற்று.
எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள்,
அரை மணிக்குக் குறையாது என்று
வண்டியை அணைக்கிறார் இருதயசாமி.
என் மடியில்
மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை,
நைரோபிக்கு டிக்கெட்.
"திரும்பி வர எடுக்கலையா?"
விலை கூடுதல் என்றேன்.
விலையைப் பார்க்கவே இல்லை.

பதினான்கு வருடம்
பயிர்க் காப்பீட்டில் வேலை.
வானத்திலிருந்து எடுத்த படங்களில்
பச்சை என்றால் பயிர்,
கறுப்பு என்றால் நிற்கிற தண்ணீர்.
வரம்புக்கு அரை சதவீதம் குறைந்தாலும்
சேதம் சேதமில்லை.
இந்த ஊரை நான் முதலில் பார்த்தது
சென்னையில், பதினோராம் மாடியில்,
உள்ளங்கை அகலத்தில்.
கோரையாறு ஒரு முடி போலக் கிடந்தது.
திரையில் விழுந்த முடி என்று
ஊதியும் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் பத்து நாள் விடுப்பில்
மாரா ஆற்றங்கரையில் ஜீப்புக்குள் இருந்தேன்.
அக்கரையில் ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட்.
முன்னால் வந்த ஒன்று
தண்ணீரை முகர்ந்தது.
முதலைகளைப் பார்த்தது.
ஐம்பது நிமிடம் அப்படியே நின்றுவிட்டுத்
திரும்பிப் போனது.
அத்தனையும் அதன் பின்னால் போயின.
ஏன் என்று யாரும் அதைத்
தனியறைக்குக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

விலகும்போது ஒரு படிவம் தந்தார்கள்.
காரணம்:
அதிகச் சம்பளம், மேற்படிப்பு, திருமணம், உடல்நிலை, பிற.
பிற.
பக்கத்துக் கட்டத்தில் விவரிக்கச் சொன்னது.
வரிக்குதிரை என்று எழுதினேன்.
ஏற்றுக்கொண்டு நன்றி சொன்னது கணினி.

முகாமில் பாதி நாள் கணக்கு எழுத வேண்டும்.
மீதி நாள் காலடித் தடம் படிக்கக் கற்றுத்தருவார்கள்.
சம்பளம் இப்போதையதில் ஆறில் ஒன்று.
அண்ணன் இன்னும் பேசவில்லை.

நேற்று என் கடைசி வேலை நாள்,
கொரடாச்சேரிக்குத் தெற்கே ஒரு வயலில்.
ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி
உள்ளே இருந்ததை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்தோம்.
கயிற்றுக்கு வெளியே சாய்ந்து முளைத்துக் கிடந்த கதிரை
மிதிக்காமல் நடக்க வழியில்லை.
வயல்காரி பவளக்கொடி
தராசைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.
"அடுத்த போகத்துக்கும் நீங்கதானா?"
இல்லை, ஆப்பிரிக்கா போகிறேன்,
சிங்கம் காட்டும் வேலை என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"நல்லதுதான்.
சிங்கம் நஷ்டஈடு கேக்காது."

அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள
ராத்திரி முழுக்க முயன்றேன்.

இதோ, ரோட்டோரம் வாத்துக் கூட்டம்.
அறுத்த வயலிலிருந்து அறுத்த வயலுக்கு
நடந்தே போகிறவை.
பேருந்து, லாரி, கல்யாண வேன்
எல்லாம் நிற்கிற கேட்டுக்கு
அவை நிற்கவில்லை.
குனியக்கூட இல்லை, அடியில் நுழைந்தன.
தண்டவாளம் முழுக்க வாத்து.
கேட்கீப்பர் கொடியைச் சுருட்டி விரட்டுகிறார்.
மேய்க்கிறவர் கைக்கம்பைக்கூடத் தூக்கவில்லை,
நாக்கைச் சொடுக்குகிறார், அவ்வளவுதான்.

பழக்கம் விடுமா.
மனசுக்குள் கயிறு கட்டினேன்.
ஒரு சதுரத்தில் நாற்பது, இருபது சதுரம்...
சதுரத்துக்குள் நின்றால்தானே வாத்து.

எல்லாம் அக்கரை சேர்ந்ததும்
நெல் மூட்டை ஏற்றிய சரக்கு வண்டி வந்தது.
பெட்டி பெட்டியாக, முடியாமல் போனது.
பவளக்கொடியின் நெல் அதில் இருக்காது.
அது எனக்குத் தெரியும்.
தெரியும் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

கேட் ஏறுகிறது.
பின்னால் அத்தனை ஹாரனும் ஒரே நேரத்தில்.
எங்கள் சக்கரத்துக்கு முன்னால்
விட்டுப்போன வாத்து ஒன்று
தலையைச் சாய்த்துத் தண்டவாளத்தைப் பார்க்கிறது.
திருச்சிக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
இருதயசாமி ஹாரனில் கை வைத்தார்.
எடுத்துவிட்டார்.

அது இன்னும் நிற்கிறது.