முழங்கால் உயரம்

ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு
ஆளும் ஒன்றுதான், சுமையும் ஒன்றுதான்.
வைகாசி. குளத்து வண்டலை அள்ளிச்
சூளைக் களத்தில் தட்டுகிற வேலை எனக்கு.

டிராக்டருக்கு முன்னால் பக்கெட்.
பின்னால், சிமெண்ட் உறைந்த இரும்பு டிரம்.
முந்நூறு கிலோ சும்மா தொங்குகிறதாம்,
முதலாளி ஞானசிகாமணிக்குத் தீராத விசனம்:
"டீசலு உனக்க அப்பனா குடுக்கான்?"
அது இல்லையென்றால்
பின்சக்கரம் மண்ணை மறந்துவிடும் என்று
அவருக்குக் கணக்காய்ச் சொல்லத் தெரியவில்லை.
கழற்றவும் இல்லை.

நிறைந்த பக்கெட் முழங்காலுக்கு மேல் ஏறாது.
கரைமேல் பைய.
சரிவில் நேராய் இறங்குவேன், குறுக்கே போகமாட்டேன்.
லாரிப் பையன்கள் எனக்கு வைத்த பேர்
கர்ப்பிணி.

சனிக்கிழமை சாயங்காலம்,
வண்டியோடு போகையில் கோயில் முற்றத்தில் மறித்தார்கள்.
"கொர்னேலி, கொடிமரத்துல சீரியல் பல்பு கெட்டணும்.
பக்கெட்டுல நம்ம அஜினை ஏத்தி ஒரு தூக்கு தூக்கு.
ரெண்டே நிமிசம்."
அஜின் ஏற்கெனவே
ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான்.
தோளில் பல்பு மாலை,
மாப்பிள்ளைச் சிரிப்பு.

காலை எடுக்கச் சொன்னேன்.
பக்கெட்டைத் தரையில் படிய வைத்தேன்.
பிரேக். இஞ்சினை நிறுத்தினேன்.
லிவரை இரண்டு பக்கமும் அசைத்தேன்;
குழாய்க்குள் மிஞ்சியிருந்த மூச்சும் இறங்கியது.

"கோயில் காரியம்லா மக்கா" என்றார் அருளப்பன்.
பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி:
"பயந்தவனுக்கு எதுக்கு வண்டி?"

தை மாதம் சூளையில் நடந்ததைச் சொல்லியிருக்கலாம்.
உயர்த்தி நிறுத்திய பக்கெட்.
ஓஸ் வெடித்து
எண்ணெய் என் முகத்தில் அடித்தபோது
பக்கெட் தரையில் கிடந்தது. இடையில் ஒன்றுமே இல்லை,
ஒரு 'ஐயோ' நுழையக்கூட இடமில்லை.
அடியில் இருந்தது ரெத்தினக்கனியின் தூக்குவாளி.
அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.
அயிலைக் குழம்பையும் தகரத்தையும்
பிரித்தெடுக்க முடியவில்லை.

சொல்லவில்லை.
வாயைத் திறந்தால் குரல் நடுங்கும்,
நடுங்கினால் அருளப்பன் ஜெயித்துவிடுவார்.

பல்பு கட்ட ஏணி வந்தது.
இரண்டு பேர் பிடிக்க, ஒருவன் ஏற,
நாற்பது நிமிஷம்.
அதற்குள் இன்னும் இரண்டு முறை கேட்டார்கள்.
இரண்டாவது முறை என் கை
தானாகவே சட்டைப் பையைத் தொட்டது.

கூட்டத்தின் ஓரத்தில்
மகளுக்குக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள் ரெத்தினக்கனி.
போய்ச் சாவியை நீட்டினேன்.
"ஏணி இறங்குறது வர வச்சிரு.
யார் கேட்டாலும் குடுக்காத."
"நீங்க கேட்டா?"
"நாந்தான் முதல்ல கேப்பேன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை.
கடலைத்தோலைத் தட்டிவிட்டு
முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்,
இரண்டு முடிச்சு.