உப்பு வண்டி

இரவெல்லாம் சாலைக்கு உப்பிடுவது என் வேலை.
பகலில் அதே உப்பிடமிருந்து என் காரைக் காப்பாற்றுவது
இன்னொரு வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது.

லாக்கவானா. ஈரி ஏரியின் ஓரம்.
ஏரி ஒருமுறை பெருமூச்சு விட்டால்
எங்கள் தெருவில் முழங்கால்வரை பனி.

காரை எனக்கு விற்ற பையன்
பந்தயக் கனவு கண்டவன் போல.
எஞ்சினிலிருந்து இறங்கும் நான்கு புகைக்குழாய்களுக்கும்
கண்ணாடி இழைத் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தான்,
சூடு உள்ளேயே இருக்கட்டும் என்று.
சூடு இருந்தது. ஈரமும் இருந்தது.
நான் தூவிய உப்பு உருகி, தெறித்து, துணியில் ஊறி
இரும்போடு குடித்தனம் நடத்தியிருந்தது
நாலு குளிர்காலம்.

கழற்றப் போனேன். எட்டு போல்ட்டில்
ஏழு கெஞ்சலுக்கு இணங்கின.
ஒன்று தலையை மட்டும் கொடுத்தது.

கட்டைப் பிரித்தால் புண் ஆறவில்லை.
வெங்காயச் சருகு மாதிரி உரிந்துகொண்டே வந்தது.
மூன்றாம் குழாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.
உள்ளே போகவில்லை.
அந்த மட்டும் சரி.

பீங்கான் பூச்சுக்குக் கடையில் கேட்ட விலை
நானூற்று ஐம்பது டாலர்.
காரையே அறுநூறுக்குத்தான் வாங்கினேன்.

ஆகவே ஒரு கம்பிப் பிரஷ், ஒரு ஞாயிற்றுக்கிழமை,
கையில் முழங்கைவரை செம்புழுதி.
அசிட்டோனில் நனைத்த துணி வெள்ளையாகவே திரும்பும்வரை
துடைத்தேன். அது திரும்பவே இல்லை,
ஓரளவு மஞ்சளோடு சமாதானமானேன்.

பிறகு வெள்ளி நிற ஸ்ப்ரே, பதினெட்டு டாலர்.
ஆயிரத்து இருநூறு டிகிரி தாங்கும் என்கிறது டப்பா.
டப்பா சொல்வதை நம்புவதைத் தவிர
வேறு வசதி எனக்கில்லை.

வேகாத பெயின்ட் வெறும் சாயம். அதை வேகவைக்க
தெருமுனையில் யாரோ தூக்கிப்போட்ட அவனை
நானும் நாஷிரும் உருட்டிக்கொண்டு வந்தோம்,
அவர் மளிகைக் கடையின் பின்புறம்வரை.
குழாய்க்கொத்து சிலந்தி மாதிரி ஒரு காலை வெளியே நீட்டியது.
கதவு சாத்தவில்லை.
அலுமினியத் தாளால் வாயை அடைத்தோம்.
இருநூற்றைம்பதில் அரைமணி. ஆறவிட்டோம்.
நானூறில் அரைமணி. ஆறவிட்டோம்.
மிச்ச வேக்காட்டை எஞ்சின் பார்த்துக்கொள்ளும்.

பால் வாங்க வந்த டோலோரஸ் மூக்கைச் சுளித்து
என்ன சமையல் என்று கேட்டாள்.
"குழாய்" என்றார் நாஷிர், சில்லறை எண்ணிக்கொண்டே.

துணி மறுபடி சுற்றவில்லை.
பழைய கேக் தட்டை வெட்டி, வளைத்து,
குழாய்க்கும் ஸ்பார்க் ஒயருக்கும் நடுவே நிறுத்தினேன்.
இருபக்கமும் ஒரு விரல் இடைவெளி.
அங்கே காவல் நிற்பது காற்று.
காற்றுக்கு யாரும் இன்னும் பில் போடவில்லை.

வியாழன் இரவு இரண்டு மணிக்கு க்ளென் கூப்பிட்டார்.
"ட்ருடி, ஏரி ஆரம்பித்துவிட்டது."

கார் கொஞ்சம் புகைந்தது, புது அடுப்பு புகைவது போல,
பாலம் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது.
டிப்போவில் இறங்கி, லாரியில் ஏறி,
பின்னால் ஒன்பது டன் உப்போடு கிளம்பினேன்.

என் தெருவுக்கு வந்தபோது
கை தானாகத் திருகுக்குப் போனது.
ஒரு புள்ளி குறைத்தால் போதும்.
யாருக்குத் தெரியும்?
குழாய்கள் இன்னும் வெள்ளியாக இருக்கின்றன,
நாலு நாள்கூட ஆகவில்லை.

ரயில்பாலத்துச் சரிவின் அடியில்
பள்ளிப் பேருந்து நிற்கும் மஞ்சள் கோடு,
பனிக்குள் பாதி.

ஒரு புள்ளி கூட்டினேன்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும்.
விடிந்ததும் காரை நேரே கழுவுமிடத்துக்கு ஓட்டினேன்.
அடிப்பக்கம் மட்டும், மூன்று டாலர்.
சூட்டோடு பச்சைத்தண்ணீர் பட்டால் பூச்சு வெடிக்குமாம்.
எஞ்சினை அணைத்துவிட்டு
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு
அது ஆறும்வரை தூங்கினேன்.
பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும்.