தொடங்கிய திகதி

எட்டுப் பத்துக்கு இரத்த முடிவு வந்தது:
கிரியற்றினின் ஆறு தசம் இரண்டு.
ஒன்பது நாற்பதுக்குத்தான் கேட்டேன்,
"வேற மருந்து ஏதும் எடுத்தவரா?"
ஆசியா உம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து
வெறுமையான குளிசை அட்டையைக் காட்டினா.
அதையும் தட்டினேன்.

நிரல் உடனே வரிசை கட்டியது.
சிறுநீரகம் முதலில், குளிசை பிறகு;
பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாகாது.
நியாயம்தான்.
ஆனால் அது பார்த்தது என் விரல்களின் நேரத்தை,
உதுமாலெவ்வையின் உடம்பின் நேரத்தை அல்ல.
பிந்தி அறிந்ததெல்லாம் பிந்தி நடந்ததாகுமா?

"காய்ச்சல் எப்ப தொடங்கினது?"
"கந்தளாய்க் குளம் திறந்து,
தம்பலகாமத்து வயலுக்குத் தண்ணி வந்து,
ரெண்டாவது வெள்ளி. ஜும்மாவுக்குப் போகல்ல அவர்."
திரையிலுள்ள கட்டம் எண்களை மட்டும் தின்னும்.
இரவு பதினொன்றுக்கு நீர்ப்பாசனக் கந்தோருக்கு அழைத்தேன்.
காவலாளி கொட்டாவியோடு பதிவேட்டைப் புரட்டி
"திறந்தது மூண்டாம் திகதி, டொக்டர்.
உங்களுக்கும் அங்க வயல் இருக்கோ?" என்றார்.

தண்ணீர் மூன்று. காய்ச்சல் பதினான்கு.
குளிசை பதினைந்து, பதினாறு, பதினேழு,
நாளுக்கு மும்மூன்று.
திருத்தியதும் நிரல் மனம் மாறியது, வெட்கமில்லாமல்:
குளிசையே குற்றவாளி.

போன கிழமை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மான் வந்து நின்றது
(திருகோணமலை மானுக்கு எல்லா வாசலும் சொந்தம்).
அந்தக் கணமே கரண்ட் போனது.
மானை யாரும் ஏசவில்லை.
காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை
இந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எலி மூத்திரம் கலந்த நீர், அதில் வெடித்த குதிக்கால்,
அங்கிருந்து காய்ச்சல்.
காய்ச்சல்தான் குளிசையைக் கூப்பிட்டது.
கூப்பிட்டதும் வந்து
அது கடித்த மிச்சத்தை இது கடித்தது.

ஆசியா உம்மா கேட்டா:
"அந்தக் குளிசைய நான் வாங்கிக் குடுக்காட்டி?"
நடக்காத கிழமையைக் கணக்கிட நிரலுக்குத் தெரியும்.
கணக்கிட்டும் வைத்திருந்தது, சதவீதமாக, தசமத்தோடு.
திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.
"நோவுக்குத்தானே குடுத்தீங்க" என்றேன்.
அது விடையல்ல என்று இருவருக்கும் தெரியும்.

மூன்று மணிக்குச் சிறுநீர்ப் பையில் நாற்பது மில்லிலீற்றர்.
இரண்டு மணிக்கும் நாற்பதுதான்.
நிரல் சிவந்தது.
குனிந்து பார்த்தேன்:
குழாய் அவர் முழங்காலுக்குக் கீழே மடிந்து கிடந்தது.
நிமிர்த்தினேன்.
ஒரு சொட்டு.
பிறகு, வெகுநேரம் பிறகு,
இன்னொன்று.